கப்பலில் யாமக் காவலும் விழிப்பு மணியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், செய்யாற்றில் நிகழ்த்தப்பெற்ற உரை)

    

பத்தாண்டுக் காலம் தமிழ் ஆய்ந்த ஓர் இலக்கிய வட்டத்தின் நிறைவு விழாவில், கப்பலில் ஒலிக்கும் ஒரு மணியைப் பற்றிய பேச்சுக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வியக்கக்கூடும். செய்யாறு கடலைக் காணாத ஊர். ஆற்றின் பெயரையே தன் பெயராகக் கொண்ட இவ்வூரின் நீரும், பாலாற்றோடு கலந்த பின்னரே கடலைச் சென்று சேர்கிறது. ஆயினும் ஊர் உறங்க ஒருவர் விழித்திருத்தல் என்னும் கடமை இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று.

தொண்டை மண்டலம் ஏரிகளின் நாடு. மகேந்திரவர்மன் பெயரோடு இணைத்துப் பேசப்படும் மாமண்டூர்ச் சித்திரமேகத் தடாகம் இவ்வூருக்கு அண்மையில்தான் உள்ளது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஏரி நிரம்பித் தளும்பும் இரவுகளில் கரையைக் காக்க ஆள் வேண்டும். கரையில் நிற்கும் நீர்க்கட்டி கண்ணயர்ந்தால், எலி வளையளவு கசிவு விடிவதற்குள் உடைப்பாகிவிடும். அப்போது துன்பம் யாருக்கு? உறங்கிய காவலனுக்கு மட்டுமன்று. அவன் விழித்திருப்பான் என்று நம்பித் தாழ்ந்த நிலத்தில் குடிசை போட்டு உறங்கும் குடும்பத்துக்கு. காவலின் இலக்கணம் இதுவே. தவறு ஒருவருடையது; இழப்பு வேறொருவருடையது. கப்பலின் மணியும் இந்த இலக்கணத்துக்கு உட்பட்டதே.

ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவாளர் வீடுகளை எண்ணிப் பார்க்கலாம். தறியின் ஓசையே அவ்வீட்டின் கடிகாரம். மிதியும் நாடாவும் ஒலித்துக்கொண்டிருக்கும் வரை அடுக்களையில் உள்ளோர் தத்தம் வேலையில் இருப்பர். ஓசை நின்றால் ஒருவர் எட்டிப் பார்ப்பார். இழை அறுந்ததா, நெய்பவர் அயர்ந்தாரா என்று கேட்பார். அங்கே வேலை ஒலிக்கிறது, ஓய்வு மௌனமாகிறது. கப்பலை இரவில் செலுத்துபவரின் நிலை இதற்கு மாறானது. அவருடைய வேலையே மௌனமாக நின்று நோக்குவது. விழித்திருப்பவரும் அமைதியாக இருக்கிறார். உறங்கிவிட்டவரும் அமைதியாக இருக்கிறார். இவ்விரு மௌனங்களையும் பிரித்தறிய வழியில்லாமையால்தான், "விழித்திருக்கிறீரா?" என்று இடைவிடாது கேட்கும் ஒரு கருவி வேண்டியதாயிற்று.

யாமமும் நாழிகையும்

இரவை யாமங்களாகப் பகுத்துக் காத்தவர் நம் முன்னோர். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். ஏழரை நாழிகை ஒரு யாமம். பாசறையில் நாழிகை வட்டிலைப் பார்த்து அரசனுக்குப் பொழுது அறிவித்தோரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையோ, நீர்ப்பெயற்று என்னும் துறையில் மரக்கலங்களை இரவில் அழைத்த கலங்கரை விளக்கத்தைக் காட்டுகிறது. கடலைக் காணாத ஊர் என்றாலும், கடலுக்கு விளக்கேற்றி வைத்த மண்டலத்தில்தான் இவ்வூர் இருக்கிறது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

கரையிலிருப்போர் விளக்கேற்றினால் மட்டும் போதாது. அவ்விளக்கைப் பார்க்கும் கண் கலத்தில் திறந்திருத்தல் வேண்டும். கப்பலோட்டிகள் நாளை நான்கு நான்கு மணியாகப் பகுத்துக்கொண்டனர். நள்ளிரவு முதல் நான்கு மணி வரை ஒருவர், நான்கு முதல் எட்டு வரை மற்றொருவர், எட்டு முதல் பன்னிரண்டு வரை மூன்றாமவர் என்பது நெடுநாள் வழக்கம். பாய்மரக் காலத்தில் அரை மணிக்கு ஒரு முறை மணற்கடிகையைத் திருப்பி மணியடிப்பர். அம்மணி நேரத்தைச் சொன்னதோடு, அடிப்பவர் விழித்திருக்கிறார் என்பதையும் கப்பல் முழுதுக்கும் சொல்லியது.

இற்றை நாள் சரக்குக் கப்பலில் நிலைமை வேறு. கப்பலைச் செலுத்தும் மேடையைக் கடலோடிகள் பிரிட்ஜ் என்றே வழங்குவர். அங்கே சுக்கானைத் தானியங்கிக் கருவி பிடித்துக்கொள்கிறது. ரேடார் சுற்றுப்புறத்தைத் துழாவுகிறது. திரையில் கடல் வரைபடம் தானே நகர்கிறது. வெளியிருள் தெளிவாகத் தெரியும்பொருட்டு உள்ளே விளக்குகள் அணைக்கப்பட்டிருக்கும். எந்திரத்தின் அதிர்வு தாலாட்டைப் போல ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். முன்பு பலர் செய்த வேலை இன்று ஓர் அதிகாரியிடமும் துணைநின்று நோக்கும் ஒரு மாலுமியிடமும் வந்து சேர்ந்துள்ளது. அம்மாலுமியும் வேறு பணிக்கு அனுப்பப்பட்டுவிட்டால், விடியலுக்கு முற்பட்ட அந்த யாமத்தில் ஒருவரே எஞ்சுகிறார்.

அவர் சோம்பேறி ஆகையால் உறங்குகிறார் என்று கருதுதல் பிழை. 2010 ஏப்ரல் 3 அன்று, 'ஷென் நெங் 1' என்னும் நிலக்கரிக் கப்பல் ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் ஏறி நின்றது. காவலிலிருந்த முதன்மை அதிகாரி அதற்கு முந்தைய முப்பத்தெட்டரை மணி நேரத்தில் இரண்டரை மணி நேரமே உறங்கியிருந்தார் என்று அந்நாட்டு விசாரணை கண்டறிந்தது. துறைமுகத்தில் சரக்கேற்றும் பணியை மேற்பார்வையிட்டு, ஓய்வின்றிக் கடலுக்கு வந்தவர் அவர். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், 7 நாளில் 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும் என்று கடலோடிகளுக்கான சர்வதேச விதி இன்று கூறுகிறது. தாளில் அது நிறைவேறுவதும் உடலில் நிறைவேறுவதும் ஒன்றல்ல.

மணி இயங்கும் முறை

சர்வதேச கடல்சார் அமைப்பு இக்கருவிக்கான தரவிதிகளை 2002 மே மாதத்தில் வகுத்தது. கடலில் உயிர்க்காப்புக்கான 'சோலாஸ்' உடன்படிக்கையில் இது கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட திருத்தம் 2009இல் ஏற்கப்பட்டு, 2011 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2011 ஜூலை 1 முதல் கட்டப்படும் பயணிகள் கப்பல்கள் யாவற்றுக்கும், 150 டன் கொள்ளளவும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல்களுக்கும் இது இன்றியமையாதது. பழைய கப்பல்களுக்குப் படிப்படியாகத் தவணை தரப்பட்டது.

கருவியின் அமைப்பு எளிமையானது. கேப்டன் ஓர் இடைவெளியை நிர்ணயிக்கிறார். அது 3 நிமிடத்துக்குக் குறையவும் கூடாது, 12 நிமிடத்தை மிஞ்சவும் கூடாது. நம் பழங்கணக்கில் சொன்னால், அரைக்கால் நாழிகைக்கும் அரை நாழிகைக்கும் இடைப்பட்ட பொழுது. அந்த இடைவெளி முடிந்ததும் பிரிட்ஜில் ஒரு விளக்கு மின்னத் தொடங்கும். இரவுப் பார்வையைக் கெடுக்காத நிறத்தில் அது இருத்தல் வேண்டும் என்பது விதி. காவலர் ஒரு பொத்தானை ஒரு முறை அழுத்தினால் விளக்கு அணையும். கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

அழுத்தவில்லையெனில், 15 நொடியில் பிரிட்ஜில் முதல் ஒலி எழும். இவ்வொலி காவலரை உணர்த்த வேண்டும், ஆனால் திடுக்கிட வைக்கக் கூடாது என்று தரவிதி குறிப்பிடுவது நுட்பமான செய்தி. கடலை நோக்கி நிற்பவர் பதறினால் அப்பதற்றமே விபத்தாகலாம் அல்லவா? அதற்கும் மறுமொழி இல்லையேல், மேலும் 15 நொடியில் கேப்டன் அறையிலோ, மாற்று அதிகாரியின் அறையிலோ இரண்டாம் ஒலி எழும். அவரும் வந்து நிறுத்தாவிடில், பொதுவாக 90 நொடியில், மற்ற மாலுமிகள் கூடும் இடங்களில் மூன்றாம் ஒலி எழும். பெரிய கப்பல்களில் மேடைக்கு ஏறிவர நேரமாகும் என்பதால் இந்த 90 நொடியை 3 நிமிடம் வரை நீட்டிக்க இடமுண்டு. இவ்விரு பின்னொலிகளும் உறங்குபவரை எழுப்பும் வலிவுடையனவாக இருத்தல் வேண்டும். மணியை அடக்கும் பொத்தானோ கடலை நன்கு நோக்கக்கூடிய இடங்களில் மட்டுமே இருத்தல் வேண்டும். படுக்கையில் கிடந்தபடியே அடக்க முடியுமாயின் மணிக்குப் பொருளில்லை.

இரயில் எஞ்சினிலும் இதன் உறவுக் கருவி ஒன்று உண்டு. ஓட்டுநர் தொடர்ந்து அசைவற்றிருந்தால் முதலில் விளக்கு, பின்னர் ஒலி, அதன் பின்னர்த் தானாகவே பிரேக். எஞ்சின் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். கப்பலுக்குப் பிரேக் இல்லை. 15 கடல் மைல் வேகத்தில் செல்லும் கப்பல் ஏறத்தாழ செய்யாற்றிலிருந்து ஆரணிக்குள்ள தொலைவை ஒரு மணியில் கடந்துவிடும். 12 நிமிடத்தில் ஐந்தரைக் கிலோமீட்டர். நடுக்கடலில் எந்திரத்தை நிறுத்திவிட்டால் ஆபத்து தீர்ந்துவிடாது, சில வேளைகளில் பெருகும். ஆதலின் இக்கருவி கப்பலை நிறுத்துவதில்லை, திருப்புவதில்லை. அது செய்யக்கூடியது ஒன்றே: இன்னொரு மனிதரை அழைப்பது. ஒரு மனிதர் தவறினால் மற்றொரு மனிதர், அவரும் தவறினால் ஏனையோர். இதுவே இக்கருவியின் உள்ளுறை.

பழுதும் பரிகாரமும்

கருவி என்றால் பழுது உண்டு. பழுது காணும் முறையில் முதற்படி, சோதனை. பாதுகாப்பான வேளையில், கேப்டனுக்கும் மற்றோர்க்கும் முன்னறிவித்து, பொத்தானைத் தொடாமல் கைக்கடிகாரத்தோடு காத்திருத்தல் வேண்டும். விளக்கு உரிய நேரத்தில் மின்னுகிறதா, 15 நொடியில் ஒலி வருகிறதா, அடுத்த 15 நொடியில் அறைகளில் கேட்கிறதா என்று ஒவ்வொரு படியையும் அளக்க வேண்டும். 5 விழுக்காடு அல்லது 5 நொடி, இவற்றுள் எது குறைவோ அதற்கு மேல் பிழை கூடாது. அறைகளில் கேட்கிறதா என்பதை அறைகளில் ஆள் நிறுத்தியே அறிய வேண்டும்; பிரிட்ஜில் நின்றபடி ஊகித்தல் கூடாது.

இரண்டாவது, பொத்தான்கள். பிரிட்ஜின் இரு சிறகுகளிலும் திறந்தவெளியில் இருக்கும் பொத்தான்களில் உப்புக்காற்றும் மழைநீரும் புகுந்து தொடர்புகள் அரிக்கப்படலாம். அழுத்தினாலும் அடங்காத பொத்தான் காவலருக்கு எரிச்சலூட்டும். அழுத்தாமலே அடங்கும் பொத்தான் அவரைக் காட்டிக் கொடுக்காது. இரண்டும் கேடு; பின்னது பெருங்கேடு. பொத்தானைப் பொருள் வைத்து அழுத்தியே இருக்கச் செய்து மணியை ஏமாற்றலாம் என்று எண்ணுவோரும் உளர். தரவிதிக்கு இசைந்த கருவியில் அது செல்லாது. தொடர்ந்த அழுத்தம் இடைவெளியை நீட்டிக்கக் கூடாது என்பது விதி.

மூன்றாவது, அசைவுணரிகள். சில கப்பல்களில் பொத்தானை அழுத்தாமலே, பிரிட்ஜில் ஆள் நடமாடுவதை உணர்ந்து கணக்கைப் புதுப்பிக்கும் உணரிகள் உண்டு. ஆடும் திரைச்சீலையையோ நாற்காலியில் உறங்குபவரின் தலைச்சாய்வையோ உணரி நடமாட்டமாக எடுத்துக்கொண்டால், உறங்குபவர்க்கே அது காவலிருக்கும். உணரியின் திசையையும் கூர்மையையும் சரிபார்ப்பது இன்றியமையாதது.

நான்காவது, மாற்று அதிகாரியைத் தெரிவு செய்யும் திருகி. காவல் மாறுந்தோறும் எந்த அறையில் மணியடிக்க வேண்டும் என்பதும் மாறும். திருகியை மாற்ற மறந்தால், காவலிலிருப்பவரின் வெற்று அறையிலேயே மணி ஒலித்துக்கொண்டிருக்கும். ஐந்தாவது, மின்னூட்டம். கப்பலின் முதன்மை மின்சாரம் தடைப்பட்டால், கருவி செயலிழந்தது என்பதை அறிவிக்கும் விளக்கும் ஒலியும், அவசர அழைப்பும் மட்டுமாவது மின்கலத்தில் இயங்குதல் வேண்டும். ஆகவே மின்கலத்தையும் சோதிக்க வேண்டும். பழுது உடனே தீராதெனில், குறிப்பேட்டில் எழுதி, தீரும் வரை காவலுக்கு இருவராக நிற்பதே நேர்வழி.

அணைத்து வைத்த மணி

இவ்வளவும் கருவியின் பழுது. விசாரணை அறிக்கைகளைப் புரட்டுவோர் கண்ணில் மீண்டும் மீண்டும் படுவது வேறொரு பழுது. 2012 டிசம்பரில் 'பியூமோண்ட்' என்னும் சரக்குக் கப்பல் ஸ்பெயின் நாட்டு வடகரையில் முழு வேகத்தில் தரைதட்டியது. 2013 மார்ச்சில் 'டானியோ' என்னும் கப்பல் இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் ஏறியது. இரண்டிலும் காவல் அதிகாரி உறங்கிவிட்டார். 2015 பிப்ரவரியில் 'லிஸ்பிளிங்க் சீவேஸ்' ஸ்காட்லாந்துக் கரையில் மோதியபோது அதிகாரி மதுவின் பிடியில் இருந்தார். மூன்று கப்பல்களிலும் விழிப்பு மணி பொருத்தப்பட்டிருந்தது. மூன்றிலும் அது இயக்கப்படவில்லை.

கம்பி அறுந்திருந்தால் மின் பணியாளர் இணைப்பார். திறவுகோலைத் திருப்பி மணியை அணைத்துவிட்ட கையை எந்தக் கருவி கொண்டு பழுது பார்ப்பது? இதனை முன்னுணர்ந்தே, கருவியை இயக்குவதும் நிறுத்துவதும் இடைவெளியை மாற்றுவதும் கேப்டனுக்கு மட்டுமே உரியவை என்று தரவிதி காப்பிட்டுள்ளது. தானியங்கிச் சுக்கானோடு சேர்ந்து தானே இயங்கியும் நின்றும் போகும் ஒரு முறை தொடக்கத்தில் அனுமதிக்கப்பட்டிருந்தது. கடலில் செல்லும் பொழுதெல்லாம் மணி இயங்க வேண்டும் என்னும் உடன்படிக்கைக்கு அது ஒவ்வாது என்பதால், அம்முறையைப் பயன்படுத்தலாகாது என்று 2014இல் அறிவுறுத்தப்பட்டது.

ஏன் அணைக்கிறார்கள்? காரணங்கள் மனித இயல்பைச் சார்ந்தவை. சில நிமிடத்துக்கு ஒரு முறை கேட்கப்படுவதை அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்வோர் உண்டு. உறங்கும் கேப்டனைத் தவறுதலாக எழுப்பினால் ஏச்சு விழுமே என்னும் அச்சம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆள் குறைத்து நடத்தப்படும் கப்பலில், ஆறு மணி காவல், ஆறு மணி ஓய்வு என்று இருவரே மாறி மாறி நிற்கும் சோர்வு உண்டு. களைத்த இருவர்க்கு இடையே மணி பகைவனாகிவிடுகிறது. மணியை நண்பனாக்கும் பொறுப்பு கேப்டனிடமும், அவருக்கு மேல் கப்பலின் உரிமையாளரிடமும் இருக்கிறது. போதிய ஆளும் போதிய உறக்கமும் தராமல் மணியை மட்டும் தருவது, கரையைச் செப்பனிடாமல் நீர்க்கட்டியை மட்டும் நிறுத்துவது போன்றது.

எதிரே வருபவர்

கரைதட்டிய கப்பலுக்குக் காப்பீடு உண்டு. எதிரே வரும் படகில் இருப்போர்க்கு என்ன உண்டு? 2012 மார்ச் 1 அன்று ஆலப்புழைக் கடலில் ஒரு சரக்குக் கப்பல் மோதி மீனவர் ஐவர் மாண்டனர். 2018 ஆகஸ்ட் 7 அன்று முனம்பத்திலிருந்து சென்ற 'ஓஷியானிக்' என்னும் விசைப்படகு விடியற்காலையில் கப்பலால் மோதப்பட்டது. அதில் சென்றோருள் பெரும்பாலோர் கன்னியாகுமரி மாவட்டத்து ராமன்துறை மீனவர். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால், பேப்பூர்ப் படகொன்று கப்பலோடு மோதியபோது அதில் இருந்த பதினால்வரில் எழுவர் தமிழர். இவ்விபத்துகளின் காரணங்களை ஆராய்வது விசாரணை மன்றங்களின் பணி; இங்கே எடுத்துக்காட்டப் பெறுவது ஒன்றே. ஒரு பெருங்கப்பலின் பிரிட்ஜில் நிலவும் அரை நாழிகை மௌனத்தின் முன்னால் மனிதர் இருக்கிறார்கள். அவர்களுடைய சிறு விளக்கை யாரேனும் பார்த்தால்தான் அவர்கள் கரை திரும்புவர்.

அதே கப்பல்களின் பிரிட்ஜிலும் தமிழ் இளைஞர் நிற்கின்றனர். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையிடம் சென்னையில் உள்ளது. உள்நாட்டு ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் கடற்பணிக்குப் பயிலச் செல்கின்றனர். அவர்கள் பொத்தானை அழுத்தக் கற்றுக்கொள்வர், அது எளிது. பொத்தானை அரைத்தூக்கத்தில் கையே பழக்கத்தால் அழுத்திவிடும் என்பதையும், மணிக்குப் பதில் சொல்வது கடலைக் கண்ணால் நோக்குவதாகாது என்பதையும் அவர்கள் கற்றல் வேண்டும். "கண் அயர்கிறது, இன்னொருவரை அனுப்புங்கள்" என்று மணியடிக்கும் முன்னரே கேட்கும் துணிவு வேண்டும். அக்கேள்விக்குச் சினவாமல் எழுந்துவரும் கேப்டனும் வேண்டும்.

வள்ளுவர் சோம்பலைக் கடிய மடியின்மை என ஓர் அதிகாரமும், மறதியைக் கடியப் பொச்சாவாமை என வேறோர் அதிகாரமும் வகுத்தார். இரண்டையும் ஒன்றாக்காமல் பிரித்து வைத்ததில் பொருளுண்டு. உழைப்பவனும் மறப்பான், ஊக்கமுடையவனும் அயர்வான். அயர்வு குற்றமாகாது. அயர்வை மறைத்தலும், அயர்ந்தபோது அழைக்கும் மணியை அணைத்தலுமே குற்றமாகும்.

ஏரிக்கரையாயினும், தறியாயினும், கப்பலாயினும், காவல் என்பது ஒருவர் தனித்துச் செய்யும் வீரமன்று. ஒருவர் அயரும்போது மற்றவர் எழும் ஒப்பந்தம். கப்பலின் மணி அந்த ஒப்பந்தத்தை நினைவூட்டும் குரல். அக்குரலை அணையாது காப்பது கடலோடிகளின் கடன். அவர்கள் அயராதிருக்கத்தக்க ஓய்வை அளிப்பது கப்பலை அனுப்புவோரின் கடன் என்று கூறி, இவ்வுரை நிறைவுறுகிறது.